மீன் உண்ட பிறகு

அப்பாவுக்கு ஒரு நியமம் இருந்தது. தோட்டத்துக் குட்டையில் இருக்கும் மீன்கள் தின்ற பிறகுதான் அவர் சாப்பிடுவார். மீன் தின்னாத நாளில் அவரும் சாப்பிடமாட்டார். நியமம் எடுத்த நாலு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. கெண்டை மீன் இரையை வேண்டாம் என்று சொல்லும் என்று யாரும் நினைக்கவில்லை.

எங்கள் ஆட்களில் பலரும் இப்படி ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள். பெரியம்மா கோயிலுக்குப் போய்வராமல் வாயில் தண்ணீர்கூடப் படவிடமாட்டாள். மாமா ஒரு வருஷம் உப்பை விட்டிருந்தார். பொழுது சாய்ந்தால் எங்கள் வீடுகளில் அடுப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய சிற்றுயிர்களை மறுபடி அதே கிணற்றில் விடுவோம். இதெல்லாம் ஊரார் நயினார் என்று கூப்பிடும் சமணர் வீட்டில் பிறந்த எல்லாருக்கும் பொது. மீன் நியமம் மட்டும் அப்பாவுடையது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. திண்டிவனத்தில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி, நிலக்கடலை வாங்கி விற்கும் கடை. எழுபத்தொன்பதாம் வருஷ மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து, மூட்டைகளின் அடியில் தூவியிருந்த பூச்சிமருந்துப் பொடியை அடித்துக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த பள்ளத்தில் சேர்த்தது. மறுநாள் பள்ளத்து மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன. அப்பா இரண்டு நாள் மண்டியைத் திறக்காமல் பள்ளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள், ஏரியில் பிடித்து அலுமினிய அண்டாவில் உயிரோடு விற்கிற மீன்களை மொத்தமாக வாங்கி, மண்டியில் மூட்டை தூக்கும் மாரியப்பனை விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிணற்றுத் தண்ணீர் வந்து விழும் தோட்டத்துக் குட்டையில் விட்டார். அன்றைக்கு எடுத்த நியமம்.

மாரியப்பன் அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, "நயினாரே, மீன வாங்கிக்கினு வந்து சோறு போடற ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தர்தான்" என்றான். அப்பா சிரித்தார்.

நாற்பது மீன்கள் நாலு வருஷத்தில் முந்நூறுக்கு மேல் ஆகிவிட்டன. அப்பா காலையில் மல்லாட்டைப் பிண்ணாக்கை ஊறவைத்து, உதிர்த்து, இரண்டு கையாலும் வீசுவார். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வரும். அதைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் கோடை மோசமாக இருந்தது. அதற்கு முந்தின ஐப்பசி, கார்த்திகையில் மழை இல்லை. கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் சேறு வந்தது. வீட்டுக்கே போதாத தண்ணீரில் குட்டைக்கு விட எதுவும் இல்லை. இடுப்பளவு இருந்த குட்டை முழங்காலளவு ஆனது. தண்ணீர் கெட்டியான பச்சையாக மாறியது.

பங்குனி கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள்.

"பாத்தியா ஜெயா, நமக்கு முன்னாடி எழுந்து காத்துக்கினு இருக்குதுங்க. பசி" என்றார்.

அன்றிலிருந்து பிண்ணாக்கை இரண்டு மடங்காக்கினார். மாலையிலும் போட ஆரம்பித்தார்.

அது பசி இல்லை என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. விழுப்புரம் கல்லூரியில் நான் வேதியியல் படித்தேன். கடைசி வருஷத்தில் ஏரித் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளந்து பார்ப்பது எங்களுக்கு ஒரு பரிசோதனை. இரவெல்லாம் தண்ணீரில் வெயில் இல்லை; பாசி ஆக்சிஜனைத் தராது, எடுத்துக்கொள்ளும். அடியில் அழுகும் பிண்ணாக்கும் எடுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னால் மீனுக்கு மிச்சம் இருக்காது. மூச்சுக்காகத்தான் அவை மேலே வந்தன. அப்பா போடப்போட அது இன்னும் குறையும்.

இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வாக்கியம். சொல்லவில்லை. எனக்கு யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்லிப் பழக்கம் இல்லை. வாய்மொழித் தேர்வில்கூட என் பதில் கேட்கவில்லை என்று இரண்டு முறை திருப்பிக் கேட்டார்கள். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. பூச்சிமருந்துக்குப் பிறகு அப்பா உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாளை நான் பார்த்திருந்தேன். நீங்கள் மறுபடியும் மீனைக் கொல்கிறீர்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. மழை பெய்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

சித்திரை இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலையில், குட்டையில் பதினேழு மீன்கள் மிதந்தன. மற்றவை மேலே வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றன. அப்பா பிண்ணாக்கை வீசினார். அது மீன்களின் முதுகில் விழுந்து, நழுவி, மூழ்கியது. ஒன்றுகூட வாயில் எடுக்கவில்லை. அவர் மறுபடி வீசினார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

செத்த மீன்களை மாரியப்பன்தான் கூடையில் அள்ளித் தென்னை மரத்தடியில் புதைத்தான். புதைத்துவிட்டு அப்பாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்.

"தப்பா நெனைக்காதீங்க நயினாரே. கொழம்புக்குக் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. இத்தினி தண்ணிக்கு இத்தினி மீன் தாங்காது. பாதிய நான் எடுத்துக்கினு போறேன். மீதி பொழைக்கும்."

"எடுத்துக்கினு போய்?"

மாரியப்பன் காலிக் கூடையைப் பார்த்தான். அப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றது கணக்குக்கு சரி. என்னால முடியாதுப்பா" என்றார். ஏரியில் கொண்டுபோய் விடலாமா என்று அம்மா கேட்டாள். ஏரியில் மிஞ்சியிருந்த கொஞ்சத் தண்ணீரில் அந்த வாரம்தான் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமையும் மீன் தின்னவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது என்று டாக்டர் சக்கரபாணி அதை நிறுத்தச் சொன்னார். மாத்திரை நிறுத்துவது பெரிய விஷயம் இல்லை, இவர் சாப்பிடாமல் இருப்பதுதான் விஷயம், நாலு நாள் ஐந்து நாளுக்கு மேல் நான் பொறுப்பு இல்லை என்று அம்மாவிடம் வாசலில் வைத்துச் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அன்று பகல் பஸ்ஸில் விழுப்புரம் போனேன். படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் அந்தோணிசாமி மட்டும் முதலில் இருந்தார். "இன்னாம்மா, பட்டம் வாங்கியும் லேபை விடமாட்டியா?" என்றார். நான் எதற்கு வந்தேன் என்று சொல்ல முடியாமல் நின்றேன். பேராசிரியை அம்சவள்ளி வந்ததும், தண்ணீரில் ஆக்சிஜன் பார்க்கிற இரண்டு திரவமும் கொஞ்சம் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். மீன்கள் சாகின்றன என்றேன். வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா, நீங்கள் சாப்பிட மாட்டீர்களே என்றார். அதற்கு மேல் கேட்காமல் இரண்டு சின்னப் புட்டிகளில் ஊற்றி, அடைப்பானோடு இரண்டு கண்ணாடி பாட்டிலும் துளிக்குழாயும் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுபோனேன்.

புதன்கிழமை விடியும்போது அப்பா குட்டைப் படியில் இருந்தார். நான் ஒரு பாட்டிலைக் குட்டைக்குள் அமிழ்த்திக் குமிழி இல்லாமல் நிரப்பினேன். இன்னொன்றில், பானையிலிருந்து இரண்டு மூன்று முறை உயரத் தூக்கி ஊற்றிய கிணற்றுத் தண்ணீரை நிரப்பினேன். இரண்டிலும் ஒரே அளவு துளிகள் விட்டு, மூடி, தலைகீழாகத் திருப்பி, அவர் பக்கத்தில் படியில் வைத்தேன்.

கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகத் திரிந்தது. குட்டைத் தண்ணீர் வெள்ளையாகத் திரிந்து, வெள்ளையாகவே அடியில் படிந்தது.

"காத்து இருந்தா பழுப்பா மாறும்பா" என்றேன்.

அவர் வெள்ளை பாட்டிலை எடுத்துக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார். கொஞ்சமும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்டார். பிண்ணாக்கு என்றேன். ஒரு சொல்தான். அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் போட்டதுதான்" என்றார்.

நான் துளிக்குழாயைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். ஒரு வாரமாவது குட்டையில் எதுவும் போடக்கூடாது, அடியில் கிடக்கும் பிண்ணாக்கை அள்ளிவிட வேண்டும், விடியற்காலையில் தண்ணீரைத் தூக்கித் தூக்கி ஊற்றவேண்டும் என்றேன். ஒரு வாரம் தின்னாவிட்டால் மீன் சாகாது என்றும் சொன்னேன்.

"சரி. போட வேணாம்" என்றார்.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். "ஒரு வாரமா?" என்று என்னைத்தான் கேட்டாள். மீன் சாகாது என்று நான் சொன்னது அவளுக்கு என்னவாகக் கேட்டிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

நியமத்தை விட்டுவிடச் சொல்லி அம்மா அன்று முழுவதும் கெஞ்சினாள். சொந்தக்காரர்கள் வந்து சொன்னார்கள். தெரியாமல் நடந்தது, அதற்கு இது தண்டனை இல்லை என்றார் மாமா. அப்பா தண்டனை என்று நான் சொன்னேனா என்றார். வாயில்லாத சீவன் என் கையால் பட்டினி கிடக்கும்போது நான் இலை போட்டு உட்காருவதா என்றார். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் பகலில் குடித்தார்.

வியாழன் முதல் விடியற்காலை நாலரை மணிக்கு நானும் அம்மாவும் குட்டையில் இறங்கினோம். குடத்தில் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, பார்த்துப் பார்த்து ஊற்றினோம். மீன்கள் தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி வந்து நின்றன. மாரியப்பனும் மண்டிக்குப் போகும் முன் வந்து ஒரு மணி நேரம் ஊற்றினான். குளிர் இல்லாத மாசத்திலும் விடியும்போது கை மரத்துப்போயிருக்கும். ஆறு மணிக்கு நான் ஒரு பாட்டில் நிரப்பிப் பார்ப்பேன். வியாழன் வெள்ளை. வெள்ளியும் வெள்ளை; ஆனால் திங்கட்கிழமையின் பதினேழுக்குப் பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்தார். நினைவு உடனே வந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். இன்றைக்கு ஒரு கரண்டி கஞ்சியாவது உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் பாண்டிச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசிவழியாக ஏற்றவேண்டியிருக்கும் என்றார். ஊசியும் வேண்டாம் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

நாலு மணி இருக்கும். அப்பா படுத்திருந்த அறைக்கு அம்மா வேகமாக வந்தாள். முகம் வியர்த்திருந்தது. "இன்னாங்க, மீனு துன்னுதுங்க. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். ஒரு புடி போட்டேன், வந்து துன்னுதுங்க. எழுந்திருங்க, கஞ்சி சூடா இருக்குது" என்றாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீ பாத்தியா ஜெயா?"

நான் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தோட்டத்திலிருந்து வந்திருந்தேன். குட்டையின் ஓரத்தில் பிண்ணாக்குக் கட்டி அப்படியே கிடந்ததைப் பார்த்திருந்தேன். மேலே எண்ணெய் படர்ந்திருந்தது. மீன் எதுவும் பக்கத்தில் இல்லை. குடிதண்ணீர் வடிகட்டும் துணியால் அதைக் கோலி எடுத்துக் கொட்டிவிட்டு வந்திருந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுத்தவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். அவள் தனக்காக என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதுவரை வாழ்நாளில் எனக்காகக் கேட்டதைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை.

"இல்லப்பா. துன்னல" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என் கையை விட்டாள்.

சமையலறையில் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மீன் போனா போவுதுன்னு எனக்கு சொல்லத் தெரியாதா? சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டிக்கினு இருக்கேன். உனக்கு இன்னா, சரியா சொல்லிட்டே." பிறகு கஞ்சியை மூடி வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். அன்று மாலை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை நான் தனியாகக் குட்டையில் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. அம்மா குடத்தோடு வந்திருந்தாள். விடியும்வரை இரண்டு பேரும் ஊற்றினோம். அன்று பாட்டிலில் வெள்ளையின்மேல் லேசாக ஒரு மஞ்சள் ஏறியது. அப்பாவிடம் காட்டினேன். தலையை அசைத்தார். உதடு வெடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மீன்கள் மேலே இல்லை. ஒன்றிரண்டுதான் வாயைத் திறந்தன. மற்றவை அடியில் நகர்ந்துகொண்டிருந்தன. பாட்டில் பழுப்பாகத் திரிந்தது. பாதி நாள் வெயில் பட்டதும் இன்னும் கூடும், சாயங்காலம் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அம்மா தினசரிக் காலண்டரில் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்தாள். ஆறு இருபத்தைந்து. மீன் அதற்கு முன்னால் தின்றாக வேண்டும். தின்ற பிறகு அப்பாவுக்கும் நேரம் வேண்டும். இல்லையென்றால் இன்னொரு இரவு. ஏழு நாள் ஆகியிருந்தது. இன்னொரு இரவைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லாமல்தான் போயிருந்தார்.

நாலரை மணிக்கு மாரியப்பன் அப்பாவை நாற்காலியோடு தூக்கிவந்து குட்டை ஓரத்தில் வைத்தான். "மூட்டைய விட லேசா இருக்கீங்க நயினாரே" என்றான். சொன்ன பிறகு திரும்பி நின்றுகொண்டான். நான் ஒரு தேக்கரண்டித் தவிடு அப்பாவின் கையில் வைத்தேன். அவர் அதைத் தண்ணீரில் தூவினார். தவிடு மிதந்தது. மீன் வரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். ஐந்து மணி ஆனது. நான் மிதந்ததைத் துணியால் எடுத்துவிட்டு மறுபடி ஒரு தேக்கரண்டி கொடுத்தேன். வரவில்லை. ஐந்தரை. அம்மா சமையலறை வாசலுக்கும் குட்டைக்கும் நடந்துகொண்டிருந்தாள். வெயில் தென்னையின் பாதியில் நின்றது. பிறகு மட்டைக்கு ஏறியது. இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டால் வருமோ என்று அம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

ஐந்து ஐம்பதுக்கு ஒரு மீன் வந்தது. பெரியது இல்லை, விரல் நீளம். தவிட்டுக்குக் கீழே வந்து நின்றது. திரும்பிப் போனது. மறுபடி வந்து ஒரு துணுக்கை இழுத்துக்கொண்டு இறங்கியது. அதற்குப் பின்னால் இரண்டு வந்தன. பிறகு அந்த மூலை முழுவதும் சின்னச் சின்ன வட்டங்கள்.

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தவிடு தீர்ந்து தண்ணீர் சும்மா ஆகும்வரை பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அவர் கழுவிக்கொண்டார்.

கஞ்சியை அங்கேயே கொண்டுவந்தோம். அவர் மெதுவாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் நேரம் எடுத்தது. ஏழெட்டு வாய்தான் ஆகியிருக்கும், வெயில் தென்னை உச்சியை விட்டுப் போய்விட்டது. கிண்ணத்தில் பாதிக்கு மேல் இருந்தது. அப்பா அதைக் கீழே வைத்தார். இன்னும் ஒரு வாய் என்று அம்மா சொல்லவில்லை.

மறுநாள் காலை அவர் கொஞ்சம் தெளிந்த பிறகு, நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பங்குனியிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். மீன் முதல்முதலில் மேலே வந்த அன்றே தெரியும், சொல்லவில்லை என்றேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததைவிட அது குறைவான வார்த்தையில் முடிந்துவிட்டது.

அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பயந்தா?"

"உங்களுக்காகப் பயந்து."

"பதினேழு" என்றார். என்னைத் திட்டுவதுபோல் இல்லை. அவருக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னதுபோல் இருந்தது. பிறகு, "இனிமே நான் போடறதா வேணாமான்னு நீ சொல்லு. நீ சொன்னாத்தான் போடுவேன்" என்றார்.

நியமத்தை அவர் விடவில்லை. எடுத்ததை எடுத்தபடியே வைத்துக்கொண்டு, இதையும் அதோடு சேர்த்துக்கொண்டார்.

அதனால் இப்போது தினமும் காலையில் நான் குட்டையைப் பார்க்கிறேன். தண்ணீரின் நிறம், மீன் நிற்கும் ஆழம், வானம். அப்பா படியில் நின்று, "போடலாமா?" என்று கேட்பார். வெயில் அடிக்கிற நாளில் போடலாம் என்பேன். ஒரு தேக்கரண்டியா இரண்டா என்றும் சொல்வேன். அவர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்.

இந்த ஐப்பசியில் மழை வந்தது. குட்டை நிறைந்துவிட்டது. ஆனால் நேற்றும் முந்தாநாளும் மேகம் விலகவில்லை. பாசிக்கு வெயில் இல்லை. முந்தாநாள் நான் வேண்டாம் என்றேன். நேற்றும் வேண்டாம் என்றேன். இரண்டு நாளும் அவர் சரி என்று, சாப்பிடாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் இருட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நாலைந்து மீன்கள் மேலே நிற்கின்றன. ஒரு சிட்டிகை போட்டால் ஒன்றும் ஆகாது என்று தோன்றுகிறது. ஒன்றும் ஆகாது என்று நிச்சயமாகத் தெரியாது. அப்பா படியில் நிற்கிறார். வேட்டி இடுப்பில் தளர்ந்திருக்கிறது. சமையலறையில் அம்மா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றாமல், சத்தம் போடாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரியும்.

"போடலாமா ஜெயா?"

நான் இன்னொரு முறை தண்ணீரைப் பார்க்கிறேன்.

"இன்னைக்கும் வேணாம்பா" என்கிறேன். அம்மாவுக்கும் கேட்கும்படி.